சீனத் தெருக்களில் பழைய உள்ளூர் ஜீப்புகளைக் கண்டுபிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

வேலைக்கோ படிப்புக்கோ சீனா போகும் வண்டிப் பிரியர்கள் அங்கே ஓடும் மின்சார வண்டிகளைப் பார்த்து அசந்துபோகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அதே தெருவின் கடைசியில், குடியிருப்புச் சுவரோரம் தூசு மூடிக் கிடக்கும் ஒரு பச்சை ஜீப்பையும் கொஞ்சம் நின்று பாருங்கள். ரஷ்யர்களோடு வந்த மனக்கசப்பு, அமெரிக்கர்களோடு போட்ட கூட்டு, ஜப்பானியர்களிடம் வாங்கிய உரிமம், அப்புறம் கூசாமல் அடித்த நகல் என்று அந்த நாட்டு மோட்டார் தொழிலின் கதை முழுக்க இந்த முரட்டு வண்டிகளில்தான் இருக்கிறது.

இந்த வழிகாட்டியில் 'பழைய' என்று நான் சொல்வது 1960களின் நடுப்பகுதியிலிருந்து 2005 வரை சீனாவிலேயே செய்த வண்டிகளை. 2005 என்பது என் வசதிக்கு வைத்த கோடு இல்லை. அதற்கான காரணம் இரண்டாம் படியில் வரும்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வண்டிகளில் வெளித்தோற்றத்தை நம்பக்கூடாது. ஒரே முகத்தோடு நாலு கம்பெனி வண்டி இருக்கும். ஒரே கம்பெனியின் வண்டி மூன்று முகத்தோடு இருக்கும். எண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

படி 1: வம்சத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

சீனாவின் முதல் ஜீப் சோங்சிங் நகரத்து ஆயுதத் தொழிற்சாலை ஒன்றில் பிறந்தது. பெயர் சாங்ஜியாங் 46. அமெரிக்க வில்லிஸ் எம்38ஏ1-ஐப் பிரித்துப் பார்த்துச் செய்த வண்டி அது. 1958 முதல் 1963 வரை சுமார் 1,390 வண்டிகள்தான் வெளிவந்தன. இதைத் தெருவில் பார்க்கலாம் என்று ஆசைப்படாதீர்கள். அருங்காட்சியகத்தில் பார்த்தாலே அதிர்ஷ்டம்.

தெருவில் கிடைப்பவை நான்கு குடும்பங்கள். ரஷ்ய வழியில் வந்த பெய்ஜிங் 212, அமெரிக்க வழியில் வந்த பெய்ஜிங் செரோக்கி, ஜப்பானிய வழியில் வந்த லியேபாவ், கடைசியாக ஹெபெய் மாகாணத்துப் பாவோடிங் நகரைச் சுற்றி முளைத்த பிக்கப் அடிப்படையிலான வண்டிகள். கண்ணில் படும் பழைய முரட்டு வண்டியை முதலில் இந்த நான்கில் எதற்குள் போடலாம் என்று பாருங்கள். எதிலும் அடங்காமல் போனால் அது இறக்குமதியாக இருக்கலாம், அல்லது நீங்கள் உண்மையிலேயே அரிய ஒன்றைப் பார்த்திருக்கலாம்.

படி 2: நாளும் இடமும்

பெய்ஜிங் நகர மையத்தில் செவ்வாய்க்கிழமை காலை நின்றுகொண்டு 'ஒன்றுமே வரவில்லையே' என்று புலம்பிப் பயனில்லை. 2017 பிப்ரவரி 15 முதல், தேசிய 1, தேசிய 2 புகைத் தரத்தில் உள்ள பெட்ரோல் வண்டிகள் வேலைநாட்களில் ஐந்தாம் வளையச் சாலைக்குள் ஓடக்கூடாது. பெய்ஜிங்கில் தேசிய 3 தரம் நடைமுறைக்கு வந்தது 2005 கடைசியில். ஆக, அதற்கு முந்திய வண்டி பெரும்பாலும் இந்தத் தடைக்குள் வந்துவிடும். நான் 2005-இல் கோடு போட்டதும் இதனால்தான். அதற்கு முன்பே, எந்தத் தரத்துக்கும் வராத 'மஞ்சள் சீட்டு' வண்டிகளை ஊர் ஊராகக் களையெடுத்தார்கள். கார்புரேட்டர் வைத்த பச்சை 212-கள் ஆயிரக்கணக்கில் காணாமல் போனது அப்போதுதான்.

இன்னொரு பக்கம், 2013 மே மாதம் வந்த விதி, தனியார் சிறிய வண்டிகளுக்கு இருந்த 15 ஆண்டுக் கெடுவை நீக்கியது. ஆறு லட்சம் கிலோமீட்டர் என்ற வழிகாட்டு அளவு மட்டும் வைத்தார்கள். அதனால் சோதனையில் தேறும் வண்டியைச் சொந்தக்காரர் வைத்துக்கொள்ளலாம். நாம் இன்றைக்கும் தேடிப் போக ஏதாவது மிச்சமிருப்பது இந்த விதியின் புண்ணியம்.

ஆகவே பெரிய நகரத்தில் தேடுவதென்றால் சனி, ஞாயிறு. பெய்ஜிங்கில் ஐந்தாம் வளையத்துக்கு வெளியே, மலை ஏறும் பக்கங்களான மென்டோகோ, யான்சிங், ஹுவாய்ரோ நல்ல இடங்கள். மலைக் கிராமத்தில் பழத்தோட்டம் வைத்திருப்பவர், மீன் பிடிக்கப் போகிறவர், தேனீ வளர்க்கிறவர் இவர்களிடம்தான் பழைய வண்டி உயிரோடு இருக்கும். நகரத்துக்குள் ஹூதோங் சந்துகளில் நிற்பவை பெரும்பாலும் ஓடாதவை. ஆனால் நிதானமாகச் சுற்றி வந்து பார்க்க அவைதான் வசதி.

நகரம் தாண்டிப் போக முடிந்தால் வடக்கே ஹெபெயின் மலைப்பகுதியும் உள் மங்கோலியாவும்தான் சரியான வேட்டைக்காடு. குறிப்பாக அக்டோபர் தேசிய விடுமுறையில் உள் மங்கோலியாவின் அல்ஷா பக்கம் தெங்கர் பாலைவனத்தில் கூடும் முரட்டு வண்டித் திருவிழா. அங்கே 212-கள் மணல் மேட்டில் ஏறுவதைப் பார்க்கலாம். அவற்றில் பல, பெயருக்கு மட்டும் 212. உள்ளே எஞ்சின், அச்சு, ஸ்பிரிங் எல்லாம் வேறு. எடை குறைவு, விலை மலிவு, கெட்டுப்போனாலும் அழ வேண்டாம் என்பதால் மணல் ஓட்டிகளுக்கு இந்த வண்டி மேல் தனிப் பிரியம்.

தெற்கில் குவாங்டொங், ஷாங்ஹாய் பக்கம் தேடுவது எனக்குச் சலிப்பான வேலை. கிடைக்காது என்று சொல்லவில்லை. ஈரக்காற்றில் தகரம் துரு ஏறிப் போகிறது, பணம் அதிகம் புழங்கும் ஊரில் வண்டியையும் சீக்கிரம் மாற்றிவிடுகிறார்கள்.

படி 3: நம்பர் பிளேட்டைப் படியுங்கள்

நீலத்தில் வெள்ளை எழுத்து என்றால் சாதாரணச் சிறிய வண்டி. மஞ்சள் பெரிய வண்டிகளுக்கும் ஓட்டுநர் பள்ளி வண்டிகளுக்கும். பச்சை என்றால் மின்சார வகை, அதில் நமக்கு வேலை இல்லை. வெள்ளை என்றால் ராணுவம் அல்லது போலீஸ். பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள், கேமராவைத் தூக்காதீர்கள்.

பிளேட்டின் முதல் சீன எழுத்து மாகாணத்தைச் சொல்லும். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பெய்ஜிங்கின் 'ஜிங்' எழுத்தில் மேலே ஒரு சிறு கோடு, அதன் கீழே படுக்கைக் கோடு, நடுவில் சின்னச் சதுரம், அடியில் மூன்று கால். சிச்சுவானின் 'சுவான்' வெறும் மூன்று செங்குத்துக் கோடு, ஒரு முறை பார்த்தால் மறக்காது. ஹெபெயின் 'ஜி', உள் மங்கோலியாவின் 'மெங்', ஹுனானின் 'ஷியாங்' இவற்றை ஃபோனில் படமாக வைத்துக்கொண்டால் போதும். அடுத்து வரும் ஆங்கில எழுத்து ஊரைச் சொல்லும்: ஹெபெயின் 'ஜி' எழுத்துக்குப் பக்கத்தில் எஃப் இருந்தால் வண்டி பாவோடிங்கைச் சேர்ந்தது.

பிளேட் சொல்வது வண்டி இப்போது எங்கே பதிவாகியிருக்கிறது என்பதை மட்டும்தான். எங்கே பிறந்தது என்பதற்குப் பின்பக்கம் போக வேண்டும்.

படி 4: பின்பக்கம் போய் எண்ணைப் பிரியுங்கள்

முன்முகம் ஏமாற்றும், பின்பக்கம் பெரும்பாலும் உண்மை பேசும். சீனாவில் செய்த வண்டியின் பின்கதவில் தயாரிப்பாளரின் பெயர் சீன எழுத்தில் இருக்கும். 2006-இல் இதைக் கட்டாயமாக்கினார்கள். அதற்கு முன்பும் பல கம்பெனிகள் போட்டுக்கொண்டுதான் இருந்தன. நேராக இறக்குமதியான வண்டியில் இது இருக்காது. பஜேரோ போலவே இருக்கும் இரண்டு வண்டிகளில் எது ஜப்பானில் செய்தது, எது ஹுனானில் செய்தது என்று தீர்த்துவைக்க இந்த ஒரு வரி போதும்.

அதன் பக்கத்திலோ எதிர் மூலையிலோ எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறி இருக்கும். 1988-இல் வந்த தேசிய விதிப்படி இதைப் பிரிக்கலாம். முதலில் வரும் எழுத்துகள் தொழிற்சாலை: பிஜே என்றால் பெய்ஜிங், சிஎஃப்ஏ என்றால் சாங்ஃபெங், சிசி என்றால் கிரேட் வால், இசட்என் என்றால் ஜெங்ஜோ நிஸ்ஸான். அடுத்து நான்கு இலக்கம். முதல் இலக்கம் வண்டியின் வகை: 1 சரக்கு லாரி, 2 முரட்டுத் தரை வண்டி, 6 பயணிகள் வண்டி, 7 கார். நடுவில் உள்ள இரண்டு இலக்கத்தின் பொருள் வகைக்கு வகை மாறும். சுவாரசியமே அங்குதான்.

பிஜே2020-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2 என்பது முரட்டு வண்டி. 02 என்பது மொத்த எடை சுமார் 2 டன். கடைசி 0 முதல் தலைமுறை. அதே பெய்ஜிங் தொழிற்சாலையின் பிஜே2021 என்றால் அதே எடை வகுப்பில் அடுத்த வடிவம், அதுதான் செரோக்கி. இப்போது பிஜே7250. வகை 7, அதாவது கார். காருக்கு நடு இலக்கங்கள் எஞ்சின் கொள்ளளவைக் குறிக்கும்: 25, அதாவது 2.5 லிட்டர். செரோக்கி உடம்பில் இந்த எண் இருந்தால் அது இரு சக்கர ஓட்டம் மட்டுமே உள்ள வகை. சந்தேகமிருந்தால் குனிந்து முன்பக்க அடியைப் பாருங்கள். முன் அச்சில் ஒருபக்கம் ஒதுங்கி டிஃபரன்ஷியல் உருண்டை (சுழற்சியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக்கொடுக்கும் பற்சக்கரப் பெட்டி) தெரிந்தால் நான்கு சக்கர ஓட்டம், வெறும் குழாயாக இருந்தால் இல்லை.

சிஎஃப்ஏ6470 என்ற குறி? வகை 6. இங்கே நடு இலக்கங்கள் நீளம்: 47, அதாவது 4.7 மீட்டர். மலை ஏறும் வண்டியைப் பேருந்து வகையில் பதிந்திருக்கிறார்கள் என்று சிரிப்பு வரும், ஆனால் அந்தக் காலத்து எஸ்யூவிகளில் பெரும்பாலானவை இப்படித்தான் பதிவாயின.

எஞ்சின் எண்ணும் இதே மாதிரிதான். 492 என்றால் நாலு சிலிண்டர், 92 மில்லிமீட்டர் துளை. 491 என்றால் நாலு சிலிண்டர், 91 மில்லிமீட்டர். பெய்ஜிங் ஜீப்பின் 498 என்றால் 98. சொந்தக்காரர் பானெட்டைத் திறந்து 'இது 491' என்று ஒரு வார்த்தை சொன்னால், டொயோட்டாவின் பழைய 4ஒய் எஞ்சின் வழிவந்த 2.2 லிட்டர் சங்கதி என்று நீங்கள் அங்கேயே புரிந்துகொள்ளலாம்.

படி 5: 212-ஐ நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள்

பேச்சில் இதை 'எர் யாவ் எர்' என்பார்கள். இப்படிச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் முகம் மலரும்.

1960-இல் சோவியத் நிபுணர்கள் சீனாவை விட்டுக் கிளம்பினார்கள். ராணுவ அதிகாரிகளுக்கு ஜீப் வேண்டும், தருவதற்கு ஆளில்லை. பெய்ஜிங் தொழிற்சாலை முதலில் 210 என்று ஒரு சின்ன வண்டியைச் செய்தது. இடம் போதவில்லை, நாலு கதவு வேண்டும் என்று ராணுவம் திருப்பியது. அதற்கப்புறம் ரஷ்ய காஸ்-69 வழியில் செய்த பெரிய வடிவம்தான் 212. 1960களின் நடுவில் உற்பத்திக்கு வந்தது. 1966-இல் தியானன்மென்னில் செங்காவலர் அணிவகுப்பை மாவோ இந்த வண்டியில் நின்றபடி பார்வையிட்டார். அப்புறம் ஒரு தலைமுறைக்கு, ஊர்ப்புறத்தில் 212 வந்து நின்றால் மாவட்ட அளவில் ஒரு பெரிய மனிதர் இறங்குகிறார் என்று பொருள். ராணுவத்தில் ரெஜிமெண்ட் தலைவர் மட்டம்.

எஞ்சின் 2.4 லிட்டர், 75 குதிரைத் திறன். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2,300 மில்லிமீட்டர். முன்னும் பின்னும் முழு அச்சு, கமான் பட்டை. அசல் வண்டிக்கு நாலு கதவு, துணிக்கூரை. 212ஏ என்பது இரண்டு கதவு வைத்த வகை. பின்னால் பக்கவாட்டு பெஞ்சில் ஆட்களையோ சாமானையோ ஏற்றிப் போகலாம்.

இதை ரஷ்ய உவாஸ்-469 என்று தவறாகச் சொல்கிறவர்கள் ஏராளம். இரண்டும் ஒரே பாட்டன் வழி என்பதால் குற்றம் சொல்ல முடியாது. முன்னால் நின்று கிரில்லைப் பாருங்கள்: உவாஸில் காற்றுத் துளைகள் படுக்கை வாட்டில் நீளும், 212-இல் செங்குத்தாக நிற்கும். ருமேனியாவின் எம்461 ஜீப்பும் அந்தக் காலத்தில் சீனாவுக்கு வந்தது. அதுவும் காஸ்-69 வழிதான். ஆகவே பச்சை நிறம், உருண்டை விளக்கு, துணிக்கூரை மூன்றையும் பார்த்தவுடன் 212 என்று எழுதிவிடாமல் பின்பக்கத்துச் சீன எழுத்தைத் தேடுங்கள். 'பெய்' என்ற முதல் எழுத்து, முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்த இரண்டு பேர் போல இருக்கும். அடுத்து வருவது நீங்கள் பிளேட்டில் ஏற்கெனவே கற்ற 'ஜிங்'.

பின்னால் 212 என்று இருந்தால் பொதுவாக 1980களின் முடிவுக்கு முந்தியது. 2020 என்று இருந்தால் புதிய எண்முறைக்குப் பிந்தியது. 2020 குறி கொண்ட வண்டிகளில் வெள்ளை, நீலம், சிவப்பு எல்லாம் உண்டு. தகரக் கூரை போட்டவையும் உண்டு. என்னைக் கேட்டால் பச்சை அடித்து நட்சத்திரம் ஒட்டிய 212-ஐ விட, வெள்ளை 2020-தான் நேர்மையான வண்டி. பச்சைகளில் பாதி அண்மையில் பெயின்ட் அடித்தவை. பழைய காலத்தை நினைவூட்டும் உணவகங்களின் வாசலில் நிற்க வைத்திருப்பார்கள். அடையாளம் எளிது: கதவுக் கீலைப் பாருங்கள். 212-இன் கீல்கள் வெளியே தெரியும்படி இருக்கும். உழைத்த வண்டியில் கீல் குச்சி தேய்ந்து, கதவின் பின் ஓரம் கொஞ்சம் தொங்கி, பூட்டு விழும் இடத்தில் பெயின்ட் வழித்துக் கிடக்கும். காட்சிப் பொருளில் கீலின் இடுக்குக்குள்ளும் புதுப் பச்சை கட்டி கட்டியாக நிற்கும், திறந்தே பல மாதம் ஆகியிருக்கும்.

படி 6: பெய்ஜிங் செரோக்கி

1983 மே மாதம் அமெரிக்கன் மோட்டார்ஸ் கம்பெனியும் பெய்ஜிங் தொழிற்சாலையும் ஒப்பந்தம் போட்டன. அமெரிக்கர் பங்கு 31.35 சதவீதம். 1984 ஜனவரியில் பெய்ஜிங் ஜீப் கம்பெனி வேலையைத் தொடங்கியது. சீன ராணுவம் எதிர்பார்த்தது 212-க்கு வாரிசாக, துணிக்கூரையோடு ஒரு புது ஜீப். கிடைத்தது, பெட்டிகளில் பாகங்களாக வந்து இறங்கிய, மூடிய உடம்பு செரோக்கி. 1985 செப்டம்பரில் முதல் வண்டி வெளியே வந்தது. பாகங்கள் வாங்க டாலர் இல்லாமல் 1986-இல் உற்பத்தியே தடுமாறியது. அரசு தலையிட்டுத்தான் சரிசெய்தார்கள். இந்தக் காலம் முழுக்க அதே கம்பெனி பழைய 2020-ஐயும் செய்து விற்றுக்கொண்டிருந்தது, சாமானிய வாடிக்கையாளர் அதைத்தான் வாங்கினார்.

முதலில் குறி பிஜே213, அதனால் பேச்சில் 'எர் யாவ் சான்'. பின்பு பிஜே2021. கிரில்லில் செங்குத்துத் துளைகள், சதுர விளக்கு, பெட்டி போன்ற உடம்பு. அமெரிக்க அசலைப் பார்த்தவர்களுக்கு உடனே தெரியும். அமெரிக்காவில் 1997-இல் செரோக்கியின் முனைகளை மழித்து, 2001-இல் நிறுத்தியே விட்டார்கள். பெய்ஜிங்கில் பழைய கூர்முனை உடம்பு அதற்கப்புறமும் சில ஆண்டு தொடர்ந்தது. அதனால் '1980களின் செரோக்கி' என்று தோன்றுவது உண்மையில் 2002 வண்டியாக இருக்கலாம். 2003 வாக்கில் ஜீப் 2500 என்ற பெயரில் முகம் மாற்றிய வடிவமும் வந்தது. அசலோடு பழகியவர் கண்ணுக்கு அது கொஞ்சம் விகாரம்தான்.

போலீஸ், நீதிமன்றம், வனத்துறை என்று அரசுத் துறைகள் வாங்கித் தள்ளிய வண்டி இது. பக்கக் கதவில் பழைய ஸ்டிக்கரைப் பிய்த்தெடுத்த நிழல் வெயிலில் சாய்வாகப் பார்த்தால் தெரியும். அதைக் கண்டுபிடிப்பது எனக்கு எஞ்சின் எண்ணைக் கண்டுபிடிப்பதை விடப் பிடிக்கும்.

படி 7: லியேபாவ், நமக்கும் உறவுக்காரர்

ஹுனான் மாகாணத்து யோங்ஜோ ஊரில் ராணுவத்தின் 7319 தொழிற்சாலை என்று ஒன்று இருந்தது. அது சாங்ஃபெங் என்று பெயர் மாறி, மிட்சுபிஷியின் உரிமத்தோடு இரண்டாம் தலைமுறைப் பஜேரோவைச் செய்ய ஆரம்பித்தது. வண்டிப் பெயர் லியேபாவ். முன்னால் மிட்சுபிஷியின் மூன்று வைரச் சின்னத்துக்குப் பதில் சிறுத்தைத் தலை. அதே தலைமுறைப் பஜேரோவைத்தான் 2002 முதல் சென்னைக்குப் பக்கத்தில் திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்தது. நம்மூர் வண்டிக்கு 2.8 லிட்டர் டீசல். ஹுனான் வண்டிக்குப் பெரும்பாலும் 2.4 நாலு சிலிண்டர் அல்லது 3.0 வி6 பெட்ரோல். தமிழ்நாட்டில் பஜேரோ பார்த்துப் பழகிய கண்ணுக்கு லியேபாவின் கதவும் கண்ணாடியும் அப்படியே தெரிந்தவை, சத்தம் மட்டும் வேறு.

சீனாவில் இறக்குமதிப் பஜேரோவும் நிறைய இருந்தது. ஆனால் 2001 பிப்ரவரியில், பின் பிரேக் குழாய் உரசித் தேய்கிறது என்று வி31, வி33 வகைகளின் இறக்குமதியை அரசு தடுத்தது. ஆகவே அந்த உடம்பில் 2001-க்குப் பிந்திய வண்டி என்றால் லியேபாவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சொந்தக்காரர்கள் சிலர் சிறுத்தையைக் கழற்றிவிட்டு மூன்று வைரம் ஒட்டிக்கொள்வார்கள். அதனால் சின்னத்தை நம்பாமல் பின்கதவு எழுத்தைப் பாருங்கள், அதையும் கழற்றியிருந்தால் எழுத்து இருந்த இடத்தில் ஊசித்துளையோ பசைத் தடமோ இருக்கும்.

'ஹெய் ஜின்காங்' என்ற வகைதான் தெருவில் அதிகம். என் ஓட்டு ஃபெய்டெங்குக்கு: பஜேரோ ஐஓ-வை வைத்து 2003 வாக்கில் வந்த குட்டி வண்டி. யாரும் படம் எடுப்பதில்லை, இன்னும் சில ஆண்டில் ஒன்றுகூட மிச்சமிருக்காது. பார்த்தால் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: பாவோடிங் கூட்டமும் மற்றவர்களும்

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாவோடிங் பக்கம் கிரேட் வால், ஜோங்ஷிங், தாடி, தியான்மா என்று வரிசையாகக் கம்பெனிகள். பிக்கப் வண்டியின் அடிச்சட்டத்தின் மேல் எஸ்யூவி உடம்பை வைத்து மலிவாக விற்பதுதான் எல்லோருக்கும் வழி. 2002-இல் வந்த கிரேட் வால் சேஃப் இதில் புகழ் பெற்றது: 491 எஞ்சின், டொயோட்டா 4ரன்னர் சாயல், பெரும்பாலும் பின்சக்கர ஓட்டம் மட்டும். 2005-இல் ஹோவர் வந்ததும் இந்தக் காலம் முடிந்துவிட்டது. தாடியும் தியான்மாவும் வெகு சீக்கிரம் மறைந்துபோனதால் அவற்றைப் பார்ப்பது இப்போது 212-ஐப் பார்ப்பதை விடக் கடினம். அழகில்லை என்று யாரும் சேர்த்துவைக்கவும் இல்லை.

மற்றபடி ஜெங்ஜோவில் செய்த நிஸ்ஸான் பாலடின், ஷென்யாங்கில் செய்த ஷெவர்லே பிளேஸர், ஷான்டொங்கின் ஹுவாடாய் செய்த கொரிய உடம்புகள், ஜியாங்ஷியின் லேண்ட்விண்ட் இவை கண்ணில் படும். லேண்ட்விண்ட் 2005-இல் ஜெர்மனியின் மோதல் சோதனையில் படுமோசமாக நொறுங்கி உலகச் செய்தியானது. பாலடின் பாலைவனப் பந்தயம் ஓடிய வண்டி என்பதால் இதற்கென்றே ரசிகர்கள் உண்டு, நல்ல நிலையில் இருப்பவை கிடைக்கும்.

படி 9: பழசு போல இருக்கும் புதுசு

பெய்ஜிங் பிஜே40 என்பது 2013 கடைசியில் வந்த வண்டி. உருண்டை விளக்கும் கிரில்லில் ஐந்து செங்குத்துத் துளையும் பார்த்து ஏமாறாதீர்கள். பிஜே80 ராணுவ மிடுக்கோடு இருக்கும், அதுவும் புதுசு. 2024-இல் '212' என்ற பெயரையே தனி வண்டிப் பெயராக்கி மறுபடி இறக்கியிருக்கிறார்கள். கிரேட் வாலின் டேங்க் 300-க்கும் இதே முறைதான். எளிய சோதனை: விளக்குக்குள் எல்இடி வளையம், பின்னால் சென்சார் பொட்டு, அலாய் சக்கரம் மூன்றும் சேர்ந்து இருந்தால் அடுத்த வண்டிக்குப் போங்கள்.

படி 10: ஆண்டைக் கணிப்பது

முன்கண்ணாடியின் வலது மேல் மூலையில் ஆண்டுச் சோதனைச் சீட்டுகளை ஒட்டுவது வழக்கமாக இருந்தது. ஆண்டு அதிலேயே அச்சாகியிருக்கும். 2020-க்கு அப்புறம் இது மின்னணுவாகி, ஒட்டத் தேவையில்லாமல் போனது. ஆகவே கடைசிச் சீட்டு 2018 அல்லது 2019 என்றிருந்தால் ஒன்றும் முடிவு சொல்ல முடியாது. 2012 என்றிருந்தால் வண்டி அன்றைக்கே படுத்துவிட்டது. சிலர் பழையதைக் கிழிக்காமல் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, அடுக்கடுக்காக வரலாறே சேர்ந்திருக்கும்.

ஓட்டுநர் பக்கம் முன்கண்ணாடியின் கீழ் ஓரத்தில் 17 இலக்கச் சேஸி எண் தெரிந்தால் இன்னும் நல்லது. முதல் எழுத்து எல் என்றால் சீனாவில் செய்தது. ஜே என்றால் ஜப்பான். பத்தாவது இலக்கம் ஆண்டு: எக்ஸ் 1999, ஒய் 2000, அப்புறம் 1 முதல் 9 வரை 2001 முதல் 2009. பழைய 212-களில் இந்த எண்முறையே இருக்காது. அங்கே பானெட்டுக்குள் திருகி வைத்த தகட்டைத்தான் படிக்க வேண்டும்.

படி 11: படம் எடுப்பதும் பேசுவதும்

முதலில் முழு வண்டியை முன் மூலையிலிருந்து ஒன்று, பின் மூலையிலிருந்து ஒன்று. அப்புறம் பின்கதவு எழுத்து, கிரில், சக்கரத்தின் நடுப்பகுதி, கண்ணாடிச் சீட்டு. வெளியே பகிர்வதாக இருந்தால் பிளேட்டின் எண்களை மறைத்துவிடுங்கள், மாகாண எழுத்தை மட்டும் விட்டால் போதும்.

ராணுவ முகாம், போலீஸ் நிலையம், அரசு அலுவலக வளாகம் இவற்றின் சுவருக்குள் நிற்பது உலகத்திலேயே கடைசி 212 ஆக இருந்தாலும் வேண்டாம். வெள்ளை பிளேட்டைப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன். குடியிருப்பு வளாகத்தில் காவலாளி வந்து என்ன செய்கிறாய் என்று கேட்டால் எடுத்த படத்தைக் காட்டி, 'லாவ் ஜிபு', அதாவது பழைய ஜீப் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். போகச் சொன்னால் போய்விட வேண்டும், வாதாடக் கூடாது.

சொந்தக்காரர் பக்கத்தில் இருந்தால் 'ஷிஃபு' என்று கூப்பிடுங்கள். ஓட்டுநர், மெக்கானிக், கைவேலைக்காரர் யாரையும் மரியாதையாக அழைக்க வடசீனாவில் இதுதான் சொல். விலை கேட்டுப் பேச்சைத் தொடங்காதீர்கள். விற்கச் சொல்லி நச்சரிக்கும் ஆட்களை அவர் ஏற்கெனவே பார்த்திருப்பார். எஞ்சின் எது என்று கேளுங்கள். 492 இன்னும் உள்ளே இருக்கிறதா, மாற்றிவிட்டீர்களா என்று கேட்டால், பேச்சுக்கே இடமில்லாமல் பானெட் திறக்கும். அப்போது மறக்காமல் உள்ளே இருக்கும் தகட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குறி, எஞ்சின் எண், செய்த ஆண்டும் மாதமும் அதில்தான் இருக்கும்.